2011 என்.பி.ஏ. கதவடைப்பில் என்ன நடந்தது, ரசிகர் எதைக் கவனித்திருக்க வேண்டும்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் 2011-ஆம் ஆண்டு அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு ஏற்பட்டு, ஆட்டமே மாதக்கணக்கில் நின்றுபோனதே, அதில் தவறு யார் பக்கம், இரண்டு பக்கமும் பெரும் பணக்காரர்களாக இருக்கும்போது ஒரு ரசிகர் யார் சொல்வதை நம்புவது, அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் செய்திகளை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்து மாதங்களில் ரசிகர்களிடம் பேராசை பற்றியும் சிறுநகர அணிகளின் கஷ்டம் பற்றியும் இரு தரப்பும் ஓயாமல் பேசின. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் கிடந்த முதன்மையான கேள்வி ஒன்றுதான்: ஆண்டுக்கு ஏறத்தாழ 380 கோடி டாலர் வருவாயில் வீரர்களுக்கு எத்தனை விழுக்காடு? அதற்கு விடை கிடைத்ததும் நியாயத்தை வைத்து அல்ல; எந்தத் தேதி வரைக்கும் யாரால் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை வைத்துத்தான். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அது வேலைநிறுத்தம் அல்ல. உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2005-இல் போடப்பட்ட கூட்டு ஒப்பந்தம் 2011 ஜூன் 30-ஆம் தேதி நள்ளிரவோடு காலாவதியானது. புதிய ஒப்பந்தம் இல்லாமல் வீரர்களை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று உரிமையாளர்கள் ஜூலை 1 அன்று கதவடைப்பு அறிவித்தார்கள். பழைய நிபந்தனைகளின்படியே விளையாடிக்கொண்டு பேசலாம் என்றால் வீரர்கள் ஆடியிருப்பார்கள். அன்றைக்கே லீகின் இணையதளத்திலிருந்தும் அணிகளின் இணையதளங்களிலிருந்தும் வீரர்களின் படங்கள் நீக்கப்பட்டன. முந்தைய நாள் வரை நட்சத்திரங்களின் முகம் நிறைந்திருந்த பக்கங்களில், மறுநாள் நடனக் குழுவும் அணியின் சின்னமும் பழைய வரலாறும்தான் இருந்தன. பயிற்சியாளர் தன் அணி வீரருடன் பேசக்கூடாது, காயம்பட்ட வீரர் அணியின் மருத்துவரைப் பார்க்க முடியாது, பயிற்சிக்கூடத்தில் கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் விதியாயிற்று.

இருந்தும் ரசிகர்களில் பலரின் கோபம் வீரர்கள் மேல் விழுந்தது. இதற்குக் காரணம் உண்டு. வீரரின் முகம் தெரியும், சம்பளம் டாலர் கணக்கில் நாளிதழில் வந்துவிடும். உரிமையாளரின் கணக்குப் புத்தகமோ அவரும் லீகும் சொல்லும் அளவுக்கு மட்டுமே வெளியே தெரியும். ஒரு தரப்பின் வருமானம் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும் தகராறில், எப்போதும் அந்தத் தரப்பே பேராசை பிடித்ததாகத் தெரியும். எனவே இந்த மாதிரிச் சண்டையைப் பின்தொடரும் ரசிகர் தன் கோபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

கணக்கு இதுதான். 2005 ஒப்பந்தப்படி, நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமம், விளம்பரம் என்று கூடைப்பந்து சார்ந்து வரும் மொத்த வருவாயில் வீரர்களுக்கு 57 விழுக்காடு. முந்தைய சீசனில் 30 அணிகளில் 22 அணிகள் நட்டமடைந்தன, மொத்த நட்டம் சுமார் 30 கோடி டாலர் என்று லீகின் தலைமை நிர்வாகியான ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் சொன்னார். வீரர் சங்கத்தின் செயல் இயக்குநர் பில்லி ஹன்டரும், சங்கத் தலைவராக இருந்த லேக்கர்ஸ் வீரர் டெரெக் ஃபிஷரும் அந்த எண்ணை ஏற்கவில்லை. அணியை வாங்குவதற்கு உரிமையாளர் பட்ட கடனுக்கான வட்டி முதலியவற்றையெல்லாம் ஆட்டத்தின் நட்டமாகக் காட்டக்கூடாது என்பது அவர்கள் வாதம். வருவாயில் ஒரு விழுக்காடு என்பது ஏறக்குறைய 3.8 கோடி டாலர். 57-ஐ 50 ஆக்கினால் ஆண்டுக்குச் சுமார் 27 கோடி டாலர் வீரர்களிடமிருந்து உரிமையாளர்களுக்குக் கை மாறும். சொல்லப்பட்ட நட்டத்தையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உரிமையாளர்கள் ஆரம்பத்திலிருந்தே எந்த இடத்தை நோக்கி நடந்தார்கள் என்பது புரியும். தொடக்கத்தில் அவர்கள் கேட்டது இன்னும் கடுமையானது. நடுவில் 47 விழுக்காடு வரைக்கும் பேசினார்கள்.

நட்டம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணிக்கு உரிய ஆள் கிடைக்காமல் 2010 டிசம்பரில் லீகே அதை வாங்கி நடத்த வேண்டிவந்தது. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியை அனஹைம் என்ற வேறு ஊருக்கு மாற்றும் முயற்சி 2011 வசந்தத்தில் அந்த ஊர் ரசிகர்களைத் தூங்கவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்தான் சியாட்டில் தன் அணியை ஓக்லஹோமா சிட்டிக்கு இழந்திருந்தது. சிறிய நகரங்களில் சிரமம் உண்மைதான். ஆனால் 2010-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அதுவரை இல்லாத விலையாக 45 கோடி டாலருக்கு விற்பனையானது. ஃபிலடெல்ஃபியா அணி கதவடைப்பின் நடுவிலேயே புதிய உரிமையாளர்களின் கைக்குப் போனது. ஆட்டமே நடக்காத நேரத்தில் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து ஒரு தொழிலை வாங்க ஆள் வருகிறார் என்றால், அந்தத் தொழில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம், உரிமையாளர்களுக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வு. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி 2011 தொடக்கத்தில் செய்துகொண்ட 20 ஆண்டு உள்ளூர்த் தொலைக்காட்சி ஒப்பந்தம் பல நூறு கோடி டாலர் மதிப்புடையது என்று செய்திகள் வந்தன. சிறுநகர அணிகளான மெம்ஃபிஸோ மில்வாக்கியோ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கனவு காண முடியாது. பெரிய அணியின் பணத்தைச் சிறிய அணியோடு பகிர்ந்துகொள்வது உரிமையாளர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பிரச்சினை. முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு எங்களிடம் வாருங்கள் என்று வீரர்கள் சொன்னதில் முழு நியாயம் இருந்தது என்பது என் கருத்து. கடைசியில் இரண்டுமே நடந்தன: வீரர்களும் விட்டுக்கொடுத்தார்கள், அணிகளுக்கு இடையிலான வருவாய்ப் பகிர்வும் பல மடங்கு கூட்டப்பட்டது.

ரசிகர்களின் காதுக்கென்றே சொல்லப்பட்ட வாதம் சமநிலை. 2010 கோடையில் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போனார்; 2011 பிப்ரவரியில் கார்மெலோ ஆந்தனி டென்வரிலிருந்து நியூயார்க்குக்குப் போனார். விட்டுப்போன ஊர்களின் ரசிகர்களுக்கு அந்தக் காயம் ஆறாதிருந்தது. அந்த நேரத்தில், ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு எந்த அணியும் தாண்ட முடியாத கறாரான உச்சவரம்பு வந்தால் உங்கள் ஊர் நட்சத்திரம் உங்கள் ஊரிலேயே இருப்பார் என்ற பேச்சு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சிறிய சந்தையான சான் அன்டோனியோ 1999, 2003, 2005, 2007 என்று நான்கு கோப்பைகளைப் பழைய விதிகளின் கீழேயே வென்றிருந்தது. பணத்தை வாரி இறைத்த நியூயார்க் நிக்ஸ் அந்தப் பத்தாண்டில் ஒன்றும் சாதிக்கவில்லை. மறுபக்கம், 2011 கோப்பையை வென்ற டல்லாஸ் மேவரிக்ஸ் அதிகச் சம்பளம் கொடுத்த அணிகளில் ஒன்று என்பதும் உண்மை. ஆகவே பணத்துக்கும் வெற்றிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல நிர்வாகத்தை எந்த உச்சவரம்பாலும் ஈடுசெய்ய முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

இனி நாட்காட்டிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ரசிகர்கள் மிகக் குறைவாகக் கவனித்ததும், மிக அதிகமாகக் கவனித்திருக்க வேண்டியதும் இதைத்தான்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரு தரப்பும் அபூர்வமாகத்தான் சந்தித்தன. அதைப் பார்த்து ரசிகர்கள் பதறினார்கள். ஆனால் அந்த மாதங்களில் இரு தரப்புக்கும் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. பழைய ஒப்பந்தப்படி வீரர்களின் சம்பளத்தில் 8 விழுக்காடு பிடித்துவைக்கப்பட்டிருந்தது. வீரர்களின் மொத்தச் சம்பளம் 57 விழுக்காட்டைத் தாண்டாததால் அந்தப் பிடித்தம் முழுவதும் கோடையில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஒரு பெரிய காசோலை கையில் இருக்கும்போது யாரும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடமாட்டார்கள். சீசன் தொடங்கியபின் வீரர்களுக்கு முதல் சம்பளம் வரும் நாள் நவம்பர் 15. அதுவரை வீரர்களின் ஒற்றுமை குலையாது என்பது எதிர்பார்க்கக்கூடியதே. உரிமையாளர்களுக்கு முக்கியமான நாள் டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் ஆட்டங்கள்தான் தேசியத் தொலைக்காட்சியில் சீசனின் முதல் பெரிய சந்தை. ஒப்பந்தம் தயாரான பிறகு வீரர்களை எடுக்கவும் பயிற்சி முகாம் நடத்தவும் ஏறத்தாழ ஒரு மாதம் தேவை. அப்படியானால் நவம்பர் 15-க்கும் நவம்பர் கடைசிக்கும் இடையில் ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும். நடந்ததும் அப்படித்தான்.

இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1998 கதவடைப்பில் இரு தரப்பும் இறங்கி வந்தது 1999 ஜனவரி 6 அன்று. சீசனை முழுவதுமாக ரத்து செய்வதா என்று உரிமையாளர்கள் வாக்களிக்க இருந்த நாள் அதற்கு மறுநாள். அந்த முறை ஒவ்வொரு அணியும் 82-க்குப் பதில் 50 ஆட்டங்களே ஆடின, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆண்டுக் காட்சி ஆட்டமான ஆல்-ஸ்டார் ஆட்டம் கைவிடப்பட்டது, தனி வீரரின் சம்பளத்துக்கு முதன்முதலாக உச்சவரம்பு வந்தது. கடைசி நாள் வரும்வரை இரு தரப்பும் சொல்வது பேரத்தின் ஒரு பகுதிதான் என்பதை அந்த அனுபவம் காட்டியிருந்தது.

தாக்குப்பிடிக்கும் வலிமை இரு பக்கமும் சமமாக இருக்கவில்லை. சராசரி என்.பி.ஏ. வீரர் ஐந்து ஆண்டுகூட லீகில் நிலைப்பதில்லை. ஒரு சீசன் போனால் அவருடைய தொழில்வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அது திரும்ப வராது. உரிமையாளருக்கு வேறு தொழில்கள் உண்டு, அணியின் மதிப்பும் அப்படியே இருக்கும். டெரன் வில்லியம்ஸ் துருக்கியின் பெஷிக்தாஷ் அணிக்குப் போனார், ஜே.ஆர். ஸ்மித், வில்சன் சாண்ட்லர், கென்யன் மார்ட்டின் ஆகியோர் சீனாவுக்குப் போனார்கள். ஆனால் கதவடைப்பு முடிந்ததும் நடுவில் விட்டு வர சீன லீக் அனுமதிக்கவில்லை, என்.பி.ஏ. ஆட்டம் தொடங்கியபோது அந்த மூவரும் அங்கேதான் இருந்தார்கள். வெளிநாடு என்பது சிலருக்கு வழியாக இருந்ததே தவிர, சுமார் 450 வீரர்களுக்கும் பிடிமானமாக இருக்கவில்லை.

அக்டோபர் 10 அன்று சீசனின் முதல் இரண்டு வார ஆட்டங்கள் ரத்தாயின. கூட்டாட்சி அரசின் சமரச அதிகாரி ஜார்ஜ் கோஹன் நடுவில் அமர்ந்து மூன்று நாள் பேசவைத்தும் பலனில்லை. அக்டோபர் 28 அன்று நவம்பர் மாத ஆட்டங்கள் முழுவதும் போயின. அந்த நேரத்தில் உரிமையாளர்கள் 50-இல் நின்றார்கள், வீரர்கள் 52-க்கும் 53-க்கும் இடையில் நின்றார்கள். இடைவெளி பார்க்கச் சிறியதுதான். நவம்பர் தொடக்கத்தில் ஸ்டெர்ன் கெடு விதித்தார்: இப்போது இருப்பதை ஏற்காவிட்டால் அடுத்து வருவது 47 விழுக்காடும் கறாரான உச்சவரம்பும்தான் என்றார். நவம்பர் 14 அன்று நியூயார்க்கில் கூடிய வீரர் பிரதிநிதிகள் அதை நிராகரித்து, சங்கம் என்ற தகுதியையே விட்டுவிட்டு, ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்துக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள். வழக்குகளில் கார்மெலோ ஆந்தனி, கெவின் டுரான்ட் போன்றவர்கள் மனுதாரர்கள் ஆனார்கள். முதல் சம்பள நாளுக்கு முந்தைய நாள் இது நடந்தது.

சீசனே முடிந்துவிட்டது என்று அன்றைக்குப் பல ரசிகர்கள் கைகழுவினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தொழிற்சங்கம் இருக்கும்வரை அமெரிக்க ஏகபோகத் தடுப்புச் சட்டம் கூட்டு ஒப்பந்தத்தைத் தொடாது. சங்கம் விலகினால்தான் உரிமையாளர்கள் ஒன்றுகூடிக் கதவடைத்ததை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், வென்றால் மும்மடங்கு இழப்பீடு கேட்கலாம். அதாவது அந்த நடவடிக்கை பேச்சை முறிப்பதற்காக அல்ல, வீரர்களிடம் இல்லாதிருந்த ஒரு பிடியை உண்டாக்குவதற்காக எடுக்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டு நாட்களில், நவம்பர் 26 அதிகாலை மூன்று மணி வாக்கில், பதினைந்து மணி நேரப் பேச்சுக்குப் பிறகு உடன்பாடு வந்தது. ஒவ்வொரு அணிக்கும் 66 ஆட்டங்கள், தொடக்கம் கிறிஸ்துமஸ் அன்று.

அந்த மாதங்களில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள ரக்கர் பூங்காவின் திறந்தவெளித் தரையில் டுரான்ட் 66 புள்ளிகள் எடுத்தபோது, அவர் அடுத்தடுத்துப் போட்ட மூன்று புள்ளி எறிவுகளைக் கண்டு கூட்டம் ஆடுகளத்துக்குள் ஓடிவந்தது. அக்டோபர் கடைசியில் அவரே, சலிப்பாக இருக்கிறது, யாராவது ஃபிளாக் ஃபுட்பால் (முட்டிமோதாமல் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) ஆடுகிறீர்களா என்று ட்விட்டரில் கேட்டு, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களோடு போய் ஆடிவிட்டு வந்தார். வீரர்கள் மீதிருந்த கசப்பைக் குறைத்ததில் சங்கத்தின் எந்த அறிக்கையையும்விட இப்படிப்பட்ட மாலைகளுக்கே அதிகப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உரிமையாளர் தரப்பில் வாய்ப்பூட்டு இருந்தது. மயாமி ஹீட் உரிமையாளர் மிக்கி அரிசன், ட்விட்டரில் தன்னைத் திட்டிய ஒரு ரசிகருக்கு, நீங்கள் தவறான உரிமையாளரிடம் கத்துகிறீர்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே மனதாக இல்லை என்பது அந்த ஒரு வரியில் வெளிப்பட்டுவிட்டது. லீக் அவருக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கதவடைப்பின் உள்நிலவரம் பற்றி ரசிகர்களுக்குக் கிடைத்த மிக நேர்மையான தகவல் அதுதான் என்பேன். மைக்கேல் ஜோர்டானின் மாற்றமும் கவனிக்கத்தக்கது: 1998-இல் வீரராக இருந்தபோது, லாபம் வரவில்லை என்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று வாஷிங்டன் உரிமையாளரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவர், 2011-இல் ஷார்லட் அணியின் உரிமையாளராகக் கடும்போக்காளர்களின் வரிசையில் நின்றார்.

யாருடைய விவாதத்திலும் இடம்பெறாதவர்கள் அரங்கங்களில் இருக்கை காட்டுபவர்கள், வாகன நிறுத்துமிடத்தில் நிற்பவர்கள், தின்பண்டம் விற்பவர்கள், அரங்கத்தை நம்பியே நடக்கும் பக்கத்துத் தெரு உணவகங்களின் பணியாளர்கள். மொத்தம் 240 ஆட்டங்கள் போயின. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களுக்கு அந்த இரவுகளுக்கான பணத்தை எந்த ஒப்பந்தமும் திருப்பித் தரவில்லை. சீசன் சீட்டு வாங்கிய ரசிகருக்கு ரத்தான ஆட்டத்தின் பணம் திரும்பக் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

முடிவில் யார் வென்றார்கள் என்றால், உரிமையாளர்கள். வீரர்களின் பங்கு முதல் ஆண்டு 51.15 விழுக்காடு, பிறகு வருவாயைப் பொறுத்து 49-க்கும் 51-க்கும் இடையில் என்றானது. ஒப்பந்தங்களின் நீளம் குறைந்தது: சொந்த அணியோடு ஆறு ஆண்டு என்பது ஐந்தாயிற்று, வேறு அணியோடு ஐந்து என்பது நான்காயிற்று. சம்பளத்தில் வரிக்கென்று வகுத்த வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும் அணிகளுக்கான ஆடம்பர வரி, தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் என்பதிலிருந்து படிப்படியாக ஏறும் வரியாக மாறியது. கறாரான உச்சவரம்பு மட்டும் வரவில்லை. வீரர்கள் காப்பாற்றிய பெரிய விஷயம் அது. சமநிலை பற்றிப் பேசிய ரசிகர்களுக்கு விரைவிலேயே ஒரு சோதனை வந்தது. ஒப்பந்தம் உறுதிசெய்யப்பட்ட அதே டிசம்பர் 8 அன்று, லீகின் பொறுப்பில் இருந்த நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிறிஸ் பால் லேக்கர்ஸுக்குப் போவதை லீக் தடுத்தது. சில நாளில் அவர் அதே நகரத்தின் கிளிப்பர்ஸுக்குப் போனார். சிறிய ஊர் தன் நட்சத்திரத்தை எப்படியும் இழந்தது.

அவசரமாகத் திணித்த அட்டவணையில் 66 ஆட்டங்கள் சுமார் 124 நாட்களில் முடிந்தன. ஒவ்வொரு அணியும் குறைந்தது ஒரு முறையாவது மூன்று நாள் தொடர்ந்து ஆட வேண்டியிருந்தது. முந்தைய சீசனின் மிகச்சிறந்த வீரரான டெரிக் ரோஸ் 2012 ஏப்ரல் 28 அன்று கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அட்டவணைதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது; ஆனால் ஓய்வில்லாத அந்த மாதங்களை மறந்துவிட்டு அதைப் பேசவும் முடியாது. அரங்கங்களோ மறுபடியும் நிறைந்தன. ஆட்டத்துக்குச் சராசரி 17 ஆயிரம் பேர், ஏறக்குறைய முந்தைய ஆண்டு அளவே. இனி திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொன்ன ரசிகர்களில் பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள் என்பதை உரிமையாளர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருப்பார்கள். 2014-இல் கிளிப்பர்ஸ் அணி 200 கோடி டாலருக்கு விற்றது. அதே ஆண்டு கையெழுத்தான ஒன்பது ஆண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம் 2,400 கோடி டாலர். பங்கு குறைந்தாலும் மொத்தம் பெருகியதால் வீரர்களின் சம்பளமும் உயர்ந்தது. ஆனால் 2011-இல் விட்டுக்கொடுத்த அந்த விழுக்காடுகள் பிறகு திரும்பவே இல்லை.

அடுத்த முறைக்கு என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு: இப்போது நடப்பில் உள்ள 2023 ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை செல்லும், ஆனால் இரு தரப்புக்கும் 2028-29 முடிவில் விலகிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அப்படி யாராவது விலகினால், முதலில் வருவாயில் யார் எத்தனை விழுக்காடு கேட்கிறார்கள் என்று பாருங்கள். அதைச் சொல்லாமல் சமநிலை பற்றி மட்டும் பேசும் அறிக்கையை ஒதுக்கிவையுங்கள். கோடையில் வரும் முறிவுச் செய்திகளுக்குப் பதற வேண்டாம். பயிற்சி முகாம், வீரர்களின் முதல் சம்பளம், கிறிஸ்துமஸ் ஆகிய மூன்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு முந்தைய வாரங்களில் வரும் செய்திகளை மட்டும் கூர்ந்து படியுங்கள்.